வில்ஃப் ஆர்மராட் பார்த்த வாளி

எனக்கு மனிதர்களைச் சுலபத்தில் பிடிக்காது. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால், காரத்துக்காக என்னைக் கடுகு என்று சொல்வார்கள். அது எனக்குத் தெரியும், அதில் வருத்தமும் இல்லை. அப்படிப்பட்ட நானே வில்ஃப் ஆர்மராட் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்காத குறைதான். இத்தனைக்கும் பதினோரு வருடமாக அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், டெலிபோனில் குரலைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பூமியைச் சுற்றி வருகிற செயற்கைக்கோள் எந்த நாளில், எந்த நிமிடத்தில், யார் வீட்டுக்கு மேலே போகும் என்று கணக்குப் போட்டு, நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் பேருக்குத் தபாலில் அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. அவர்கள் அந்த நேரத்துக்கு வாசலிலோ கொல்லையிலோ நின்று பார்த்து, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் போனது என்று திருப்பி எழுதுவார்கள். எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள். சும்மா ஆசைக்குச் செய்கிறவர்கள். டாக்டர் ஹாஸ்கெட் கணக்குப் போடுவார். ஐரீன் டேஃப்ட் என்கிற நான் தட்டச்சு செய்வேன், தபால் பிரிப்பேன், டெலிபோன் எடுப்பேன், தப்பு செய்தவர்களுக்குச் சுருக்கென்று கடிதம் எழுதுவேன். கடைசியாகச் சொன்ன வேலையை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

வில்ஃப் லங்காஷயரில் டார்வென் ஊர்க்காரர். சுவரில் ஒட்டுகிற பூக்காகிதம் அச்சடிக்கிற ஆலையில் வேலை. ரோஜாப்பூவின் சிவப்பு அதன் கோட்டை விட்டு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற கண் அவருடையது. அந்தக் கண்ணைத்தான் அவர் எங்களுக்கும் கொடுத்தார். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் போகிற வழியில் இரண்டு நட்சத்திரங்களைப் பிடித்து வைத்துக்கொள்வார். அது அந்த இரண்டுக்கும் நடுவே கடக்கிற கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, தெரு முனை டெலிபோன் பூத்துக்குப் போய், நேரம் சொல்லும் எண்ணைச் சுற்றி, அதில் கேட்கிற மணிச் சத்தத்துக்குச் சரியாக நிறுத்துவார். வீட்டுக்கு வந்து கழித்துப் பார்த்தால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நேரம் கிடைத்துவிடும். இதைப் பனியிலும் குளிரிலும் நாலாயிரம் தடவைக்கு மேல் செய்தார்.

அவரை நான் மதித்ததற்குக் காரணம் அந்த நாலாயிரம் இல்லை. பார்க்காததையும் எழுதினாரே, அதற்காகத்தான். மேகம் மறைத்தால் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் வானம் பளிச்சென்று இருந்து, வர வேண்டியது வரவில்லை என்றால் அது எங்களுக்குப் பெரிய செய்தி. ஒன்று எங்கள் கணக்கு தப்பு, இல்லையென்றால் அந்தப் பொருளே விழுந்துவிட்டது. ஆனால் மனிதர்களுக்கு அதை எழுத மனம் வராது. அரை மணி நேரம் கழுத்து வலிக்க நின்றுவிட்டு 'வானம் தெளிவு, காணவில்லை' என்று எழுதுவது தோற்றுப்போனது போல இருக்கும் போலிருக்கிறது. நிறையப் பேர் அனுப்பவே மாட்டார்கள். வில்ஃப் அனுப்புவார். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வரும். இந்த ஆள் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அவருக்கென்று செல்லமாக ஒரு செயற்கைக்கோள் இருந்தது. 1959இல் அமெரிக்காக்காரர்கள் ஏவியது. இரண்டாம் வருடமே அதன் ரேடியோ செத்துவிட்டது. அதன் பிறகு அது வெறும் தகரம். ஏவியவர்களே அதை மறந்துவிட்டார்கள். வில்ஃப் மறக்கவில்லை. பதினோரு வருடம் ஒரு வாரம் விடாமல் தொடர்ந்தார். அதன் படத்தை ஒருமுறை பக்கத்து வீட்டு நோரா ஹிண்டிலிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, இது என் வீட்டுக் கரி அள்ளுகிற வாளி மாதிரியல்லவா இருக்கிறது என்று சொல்ல, அன்றிலிருந்து தெரு முழுக்க அது வாளி. ஆலைக்குப் போகும்போதும் வரும்போதும் உன் வாளி ஒழுகுகிறதா, வாளிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்று கேலி செய்வார்கள். வில்ஃப் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எங்களுக்கு அனுப்புகிற அறிக்கையின் ஓரத்தில்கூட 'வாளி இன்று மங்கல்' என்று பென்சிலில் எழுதியிருப்பார்.

1970 அக்டோபர் முதல் வாரம் வாளி விழப்போகிறது என்று தெரிந்தது. மேலே இருக்கிற மெல்லிய காற்றில் உரசி உரசிக் கீழே இறங்கிக்கொண்டே வந்து, கடைசி நாள் மாலை ஏழு முப்பத்தொன்றுக்கு லங்காஷயர் மேலே போகும், அடுத்த சுற்று இருக்காது என்று டாக்டர் ஹாஸ்கெட் கணக்குப் போட்டார். உள்ளூர் வாரப் பத்திரிகையில், டார்வென்காரரின் வாளிக்கு இன்று வழியனுப்பு என்று நாலு வரி வந்துவிட்டது. அந்த நாலு வரிதான் வில்ஃபுக்கு எமனாக வந்தது.

அன்று நடந்ததை நான் பிற்பாடுதான் வில்ஃபும் அவர் மனைவி எட்னாவும் சொல்லிக் கேட்டேன். நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

வில்ஃப் எப்போதும் தனியாகப் பார்ப்பவர். அன்று கொல்லைக் கதவைத் திறந்தால் சந்தில் பதினேழு பேர். தொழிலாளர் கிளப்பின் செயலாளர் பெர்ஸி கிளப்பிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டிருந்தார். நோரா நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எட்னா பார்க்கின் செய்து வைத்திருந்தார், ஓட்ஸும் இஞ்சியும் சர்க்கரைப்பாகும் போட்ட கேக். டீ ஒரு பெரிய பாத்திரம் நிறைய. கல்யாண வீடு மாதிரி இருந்தது என்று எட்னா சொன்னார்.

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சூரியன் போய் முக்கால் மணி நேரம், வேகா, டெனெப் என்கிற நட்சத்திரங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டன. விழுகிற பொருள் கணக்கை விடச் சீக்கிரம்தான் வரும், கீழே இறங்க இறங்க வேகம் கூடும் என்பதால் ஏழு இருபதுக்கே வில்ஃப் பைனாகுலரைத் தூக்கிவிட்டார். ஏழு இருபத்தைந்து, ஒன்றும் இல்லை. முப்பது ஆனது, முப்பத்தொன்றும் ஆனது. பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. எங்கப்பா உன் வாளி, கிணத்துல விழுந்துருச்சா என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. நோரா, எனக்குக் கால் விறைக்கிறது என்றார். பெர்ஸி, பேசாம இருங்கப்பா, வில்ஃபுக்குத் தெரியாதா என்றார். அதைக் கேட்டதும்தான் தனக்கு உடம்பெல்லாம் சூடானது என்று வில்ஃப் என்னிடம் சொன்னார். ஏழு முப்பத்துமூன்று. பின்னால் பதினேழு பேர், மேலே காலி வானம்.

"அதோ," என்றார் வில்ஃப். "போகுது பாரு."

ஸ்டாப்வாட்சையும் அழுத்தினார்.

உடனே நோரா, ஆமா, நானும் பாத்துட்டேன், வாலு செவப்பா இருக்கு என்றார். பெர்ஸி மரண ஊர்வலம் போனால் எடுப்பது போலத் தொப்பியை எடுத்தார். ஆளாளுக்கு விரலை நீட்டினார்கள். பிறகு கைதட்டினார்கள். வில்ஃபைத் தோளில் தட்டி, டெலிபோன் பூத் வரைக்கும் கூடவே நடந்து கொண்டுபோய் விட்டார்கள். ஸ்டாப்வாட்சை மணிச் சத்தத்துக்கு நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பி, சமையலறை மேசையில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தார். ஏழு முப்பத்துமூன்று சொச்சம் வந்தது. கணக்கை விட இரண்டு நிமிடம் தாமதம். விழுகிற பொருள் ஒருநாளும் தாமதமாக வராது. இதை அனுப்பினால் ஹாஸ்கெட் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ஆகவே பென்சிலை எடுத்து, எவ்வளவு முன்னதாக வந்திருந்தால் பொருந்தும் என்று கணக்குப் போட்டு, ஏழு மணி முப்பது நிமிடம் ஒன்பது புள்ளி நாலு விநாடி என்று எழுதினார். வேகாவிலிருந்து டெனெபுக்குப் பத்தில் நாலு பங்கு தூரத்தில் என்று இடமும் எழுதினார். மறுபடி பூத்துக்குப் போய் எனக்கு டெலிபோன் செய்தார்.

நான் அன்று வீட்டுக்குப் போகாமல் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேல்ஸ் மேகம், ஸ்காட்லாந்து மேகம், எங்கேயும் மேகம். வில்ஃப் குரலைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உங்க ஒருத்தருக்குத்தான் கிடைச்சிருக்கு, உங்களுக்குக் கிடைக்கணும்னு இருந்திருக்கு என்று என்னென்னவோ சொன்னேன். நான் அப்படிக் குழைந்து பேசியது அன்று ஒருநாள்தான். அவர் ம் என்றார். குளிரில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து நார்ஃபோக்கிலிருந்து மிஸ் தர்ஸா காட்ஸ் கூப்பிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு சமைப்பவர், எங்களோடு சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வில்ஃப் தலைக்கு மேலே போன பொருள் அரை நிமிடத்தில் இவர் தலைக்கு மேலே போயிருக்க வேண்டும். இவர் சொன்னது, வானம் தெளிவு, காணவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா மிஸ் காட்ஸ்?" என்று கேட்டேன். "வில்ஃப் ஆர்மராட் பாத்திருக்காரு."

"பத்து நிமிஷம் முன்னாலேருந்து பத்து நிமிஷம் பின்னால வரைக்கும் நான் கண்ணை எடுக்கலைங்க," என்றார். "வரல."

வில்ஃபின் நேரத்தை வைத்து, வாளி எங்களைத் தாண்டிப் போய் சைபீரியாவில் விழுந்தது என்று டாக்டர் ஹாஸ்கெட் முடிவு எழுதினார். மிஸ் காட்ஸுக்கு ஒரு கடிதம் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். ஒருவேளை வேறு திசையைப் பார்த்திருக்கலாம், கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது, அதுவரை உங்கள் அறிக்கைகளைப் பயிற்சிக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகத்தான் இருந்தது. அதன் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன். 'இத்தகைய கவனக்குறைவால் பிறருடைய பல வருட உழைப்பு வீணாகிறது என்பதை நினைவில் கொள்ளவும்.' ஹாஸ்கெட் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், நான் அதைத் தெரிந்தே செய்தேன்.

பத்து நாளில் ஒரு பெட்டி வந்தது. நாங்கள் இரவல் கொடுத்திருந்த பைனாகுலர், பாத்திரம் துடைக்கிற துணியில் சுற்றி. உள்ளே சீட்டு. கண் டாக்டரிடம் போனேன், ஒரு கோளாறும் இல்லை என்கிறார், ஆனாலும் நீங்கள் சொல்வதால் நிறுத்திக்கொள்கிறேன், அன்று அந்தச் செயற்கைக்கோளுக்குக் கடைசி நாள் என்று சமையலறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன், இப்போது உப்பு டப்பாவைக்கூட என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். நான் பைனாகுலரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நவம்பர் கடைசியில் ஒரு கப்பல் தலைவரின் கடிதம் பல கை மாறி எங்களுக்கு வந்து சேர்ந்தது. நியூசிலாந்திலிருந்து ஆட்டிறைச்சி ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல். அங்கே விடிகாலை, கப்பலில் ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். வானத்தில் ஒன்று ஐந்தாறு துண்டாக உடைந்து, பச்சையும் ஆரஞ்சுமாக எரிந்துகொண்டே போனது, நேரம், திசை, உயரம் எல்லாம் குறித்திருந்தார். எங்கள் கடிகாரப்படி அது அதே கடைசி நாள் மாலை ஆறு நாற்பத்தெட்டு. வாளியின் பாதையில் ஒரு இம்மி விலகவில்லை.

அதாவது, வில்ஃப் வாளியைப் பார்த்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே வாளி எரிந்து சாம்பலாகியிருந்தது.

டாக்டர் ஹாஸ்கெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விமானம் எதையாவது பார்த்திருப்பார், பாவம் என்றார். விமானம் உங்கள் கணக்கோடு இப்படி அச்சாகப் பொருந்துமா என்று கேட்டேன். அவர் வில்ஃபின் வரியைப் பென்சிலால் மெல்லமாக அடித்தார். இதோடு விட்டுவிடலாம், மிஸ் டேஃப்ட் என்றார். மிஸ் காட்ஸ் விஷயம் என்று ஆரம்பித்தேன். இப்போது எழுதினால் அவரை இன்னொரு முறை சங்கடப்படுத்தியது போலாகும் என்றார். எங்கள் ஊரில் சங்கடப்படுத்தாமல் இருப்பதற்காக மனிதர்கள் எதை வேண்டுமானாலும் செய்வார்கள்.

சனிக்கிழமை ரயில் ஏறி டார்வென் போனேன். அந்த ஆளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டே போனேன்.

எட்னா கதவைத் திறந்தார். சமையலறை மேசையில் கட்டையாக, வழுக்கைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்குகளில் நீலச் சாயம். என் கையிலிருந்த உறையின் மேல் அலுவலக முத்திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வேற எங்கயோ விழுந்துருச்சு, இல்ல மிஸ் டேஃப்ட்?" என்றார்.

ஏழு வாரமாக ஒவ்வொரு நாளும் தபாலுக்குக் காத்திருந்தாராம். அந்த மாலைக்குப் பிறகு கொல்லையில் கால் வைக்கவில்லை. வானத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது என்றார். கப்பல் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று முறை படித்தார். பிறகு அந்த மாலை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"முதல் பொய் வாயில வந்துருச்சு," என்றார். "அதக்கூட நான் பொறுத்துக்குவேன். ரெண்டாவது பொய்ய இதே மேசையில உக்காந்து, பென்சிலைச் சீவி, கணக்குப் போட்டு எழுதுனேன். பதினோரு வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் அதுக்கு உதவுச்சு."

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன், வேறு எத்தனை என்று. அவர் முகம் இன்னும் அச்சேறாத ஆலைக் காகிதம் போல வெளுத்தது. இது ஒண்ணுதான், ஆனா நான் சொல்றத இனிமே நீங்க எதுக்கு நம்பணும் என்றார். கொல்லையில் தனியாக நின்று ஒருவர் பார்த்தேன் என்கிறார், நாங்கள் நம்புகிறோம், இந்த வேலையில் வேறு சாட்சி கிடையாது. நாலாயிரம் அறிக்கையையும் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மிஸ் காட்ஸைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது. நான்தான் சொன்னேன். அலுவலகத்துக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். நகல் என் பையில் இருந்தது. எடுத்து உரக்கப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி மடித்து வைத்துவிட்டேன். அது என் வரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வில்ஃப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் சொல்லாமல் விட்ட வரிக்கும் சேர்த்து அவரே வெட்கப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றே அவர் மிஸ் காட்ஸுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வைத்தார். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் உருண்டை எழுத்து.

'மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீங்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை, கைதட்டியவர்களிடம் சொன்னீர்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று அலுவலகம் எனக்கு எழுதட்டும். அப்போதுதான் என் கண் சரியாக இருக்கிறது என்று நான் சமையலறையில் தலைநிமிர்ந்து சொல்ல முடியும். பைனாகுலரைத் திரும்ப வாங்கிக்கொள்வதா என்று அதற்குப் பிறகு பார்க்கலாம்.'

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, சேப்பலில் பிரார்த்தனை முடிந்த கையோடு, கிளப் அறையில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்தார் வில்ஃப். நானும் போயிருந்தேன். துணைக்குப் போனேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் சேப்பல் கோட்டோடு சுவரோரம் நின்றார்.

"அன்னைக்கு நான் ஒண்ணும் பாக்கல," என்றார். "வாளி அதுக்கு முக்கா மணி நேரம் முன்னாலயே உலகத்தோட அந்தப் பக்கம் எரிஞ்சு போச்சு. நீங்கள்லாம் பின்னால நிக்கிறீங்கன்னு வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். அதனால ஒரு நல்ல பொம்பளைக்குக் கெட்ட பேரு வந்துருச்சு. எனக்கு ரொம்ப அவமானமா இருக்கு."

கோபம் வரும், கேலி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். பெர்ஸிதான் முதலில் வாயைத் திறந்தார். உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா வில்ஃபு, ஆலைச் சாயம் தலைக்கு ஏறிருச்சா என்று ரொம்பப் பரிவாகக் கேட்டார். பத்திரிகையில வந்துருச்சேப்பா என்றும் சொன்னார். பின்னால் ஒருவர், எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுதே, பளிச்சுன்னு போச்சே என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின. வில்ஃப் மறுபடி முதலிலிருந்து சொன்னார், கப்பல் கடிதத்தை எடுத்து நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

நோரா ஹிண்டில் எழுந்தார். "நீ பாக்கலன்னா அது உன் பாடு," என்றார். "நான் பாத்தேன். வாலு செவப்பா இருந்துச்சு. என் தங்கச்சிக்கு லெட்டர் போட்டுட்டேன், மருமககிட்டச் சொல்லிட்டேன். இப்ப என்னைப் பொய்க்காரின்னு சொல்லத்தான் கூப்பிட்டு வச்சியா?"

"இல்ல நோரா, நான் என்னைத்தான் சொல்றேன்."

"அது எப்படிப்பா? ஒண்ணுமே இல்லாத இடத்துல நான் வாலு பாத்தேன்னா நான் யாரு?"

வில்ஃப் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எட்னாவிடம் திரும்பினார். "நீ சொல்லு எட்னா. நீ பக்கத்துலதான இருந்த. ஏதாவது போச்சா?"

எட்னா மடியிலிருந்த கையுறையை இப்படியும் அப்படியும் இழுத்தார். "நான் பார்க்கின் வெட்டிட்டு இருந்தேன்," என்றார். "மேல பாக்கல."

அதோடு முடிந்தது. எல்லாரும் நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். நோரா போகும்போது, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். வில்ஃப் கடிதத்தை நீட்டியபடியே நின்றார்.

ஸ்டேஷன் வரைக்கும் எட்னா என் கூட நடந்து வந்தார். பாதி வழியில் தானாகவே சொன்னார்.

"பார்க்கின்லாம் மத்தியானமே வெட்டி வச்சுட்டேன். நான் அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன் மிஸ் டேஃப்ட். கல்யாணமாகி முப்பத்துமூணு வருஷம். அவரு பொய் சொன்னா மூஞ்சி எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் முதல்ல பாத்தேன்."

"இத அங்க சொல்லியிருக்கலாமே," என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க ரயில் ஏறிப் போயிருவீங்க. எனக்கு நோரா பக்கத்து வீடு."

அதற்கு மேல் அவரை ஒன்றும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் பையிலும் நான் படிக்காமல் மடித்து வைத்த ஒரு வரி இருந்தது.

திங்கட்கிழமை தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நடந்ததை அப்படியே எழுதினால் மிஸ் காட்ஸ் கண்ணில்லாதவராகவே இருந்துவிடுவார். பதினேழு பேர் பார்த்தோம் என்கிறார்களே, அப்புறம் எப்படி என்று சமையலறையில் கேட்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதாவிட்டால், தப்பு எங்களுடையது என்று சொல்லி அந்தக் கவனக்குறைவு வரிக்கு நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நான் எழுதினேன். 'திரு. ஆர்மராட் அனைவர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னார். அனைவரும் ஒப்புக்கொண்டார்கள்.' ஹாஸ்கெட் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வில்ஃப் அதற்குப் பிறகு ஒரு அறிக்கைகூட அனுப்பவில்லை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்று, 1977இல் இறந்தார் என்று கேள்விப்பட்டேன். நோரா அவரோடு பேசுவதில்லை என்றும், வில்ஃபும் எட்னாவும் 1971 வசந்தத்திலேயே வேறு தெருவுக்குக் குடி போய்விட்டார்கள் என்றும் பெர்ஸி எழுதியிருந்தார். எங்கள் வருடாந்தர அறிக்கையில் அவர் பெயர் எங்கேயும் கிடையாது, அவரே கேட்டுக்கொண்டபடி.

மிஸ் காட்ஸ் என் கடிதத்தை நம்பினார். பைனாகுலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒன்பது வருடம் எங்களுக்குப் பார்த்துக் கொடுத்தார். அவர் கண்ணைப் போல ஒரு கண் அதன் பிறகு எங்களுக்குக் கிடைக்கவில்லை. பைனாகுலர் வந்து சேர்ந்தது என்று தெரிவித்த சீட்டில் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'பதினேழு பேரும் ஒப்புக்கொண்டார்களா? அப்படிப்பட்ட மனிதர்கள் நடுவில் வாழ அந்தத் திரு. ஆர்மராட் கொடுத்து வைத்தவர். நான் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன்.'

படித்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சீட்டை மிஸ் காட்ஸின் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த தபாலைப் பிரித்தேன்.